ஒன்பதாம் பக்கம்

தங்கை அண்ணனுக்கு
ஜூன் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். இவருடைய முதுகுவலி மட்டும் நாலாவது ஆளாக வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. உன் வயிற்றுப்புண் எப்படி இருக்கிறது? அண்ணி இன்னும் உன்னைப் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறார்களா?

போனில் பேசினால் ஆகாதா என்று அண்ணி கேட்டிருந்தார்கள். நாள் முழுக்கத் தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஊரார் பேச்சையெல்லாம் இணைத்துக் கொடுத்துவிட்டு வருகிறவளுக்குப் போனைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. அதோடு, நான் உனக்கு ஒரு கால் போட்டால் பக்கத்து நாற்காலிக்காரி மூச்சு விடாமல் ஒட்டுக் கேட்பாள். எப்படித் தெரியும் என்கிறாயா? அவள் பேசும்போது நான் அதைத்தானே செய்கிறேன். ஆகவே கடிதம்தான். சின்ன வயதில் செய்ததுபோல் சிவப்பு மையில் பிழை திருத்தித் திருப்பி அனுப்பினாயோ, பஸ் ஏறி வந்து உன் கையை ஒடிப்பேன்.

நம் வக்கீல் மூன்றாம் ஆண்டுக்குப் போய்விட்டாள். பெற்ற மகளை வக்கீல் என்று கூப்பிடுகிற தாய் நான் ஒருத்திதான் இருப்பேன். ஆனால் அவளோடு ஒரு வாரம் இருந்து பார், நீயும் அப்படித்தான் கூப்பிடுவாய். சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கிறது என்றால்கூட ஆதாரம் கேட்கிறாள். வணிக நிர்வாகம் படித்து என்னத்தைக் கிழிக்கப்போகிறாள் என்று இவருடைய அக்கா போன வாரம் கேட்டார்கள். "அந்தப் பல்கலைக்கழகத்துல எங்க அண்ணன் பேராசிரியர். அவர் சொன்னார், இவ படிக்கிறா" என்று ஒரே போடாகப் போட்டேன். நீ எங்கோ இருநூறு மைலுக்கு அப்பால் இருந்தாலும் இவள் கல்லூரிக்கு அங்கிருந்துதானே பட்டம் வருகிறது!

ஏதோ பெரிய வேலையில் மாட்டிக்கொண்டிருக்கிறாய் என்று அண்ணி எழுதியிருந்தார்கள். என்ன வேலை அது? எழுது.

உன் அன்புத் தங்கை

*

அண்ணன் தங்கைக்கு
ஜூன் 24

அன்புள்ள வாயாடிக்கு,

என் ஆசிகள். வயிற்றுப்புண் மருந்துக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. உன் அண்ணி யாருக்கும் கட்டுப்படவில்லை, மற்றபடி நலம். மாப்பிள்ளையைக் கொஞ்ச நாள் தரையில் படுத்துப் பார்க்கச் சொல். உன் கடிதத்தில் நான்கு பிழைகள் இருந்தன. கை மேல் உள்ள ஆசையால் விட்டுவிட்டேன்.

வேலை இதுதான். என்னென்ன படித்து முடித்தால் வணிக நிர்வாகப் பட்டம் தரலாம் என்ற விதிகளைப் பதினான்கு வருடம் கழித்து மாற்றுகிறோம். பாடத்திட்டக் குழுவுக்கு நான்தான் செயலாளர். தலைவர் எங்கள் புல முதல்வர். அவருக்குக் 'கத்தரி' என்று பெயர். அது அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. எதை எழுதிக் கொடுத்தாலும் பாதியை வெட்டிவிட்டுத்தான் மூச்சு விடுவார். வணிகக் கடிதம் எழுதும் பாடத்தை எடுத்துவிடுகிறோம். அதற்குப் பதிலாகப் புள்ளியியல் இரண்டாம் பகுதி வருகிறது. அதோடு ஏதாவது ஒரு நிறுவனத்தில் எட்டு வாரம் களப்பயிற்சி. இரண்டும் இல்லாமல் இனிப் பட்டம் கிடையாது. மூன்று வருடம் சரக்கு மேலாண்மை படித்தவன் ஒரு கிடங்கின் வாசலைக்கூட மிதித்ததில்லை என்றால் அது யாருக்கு அவமானம், சொல்.

பழைய விதிப் புத்தகத்தைப் பத்தி பத்தியாக வெட்டி, வெள்ளைத் தாளில் ஒட்டி, இடைவெளிகளில் புதியதை எழுதுவதுதான் எங்கள் வழக்கம். சாப்பாட்டு மேசை முழுக்கப் பசை. உன் அண்ணி தட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னை முறைத்தபடியே சாப்பிடுகிறாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் பழைய விதிப்படியே முடித்துப் பட்டம் வாங்கலாம் என்று தனியாக ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். ஒன்பதாம் பக்கம். "எதுக்கு சார், பக்கம் கூடுது" என்றார் கத்தரி. பாதி வழியில் பாதையை மாற்றிவிட்டுப் பிள்ளைகளைக் குறை சொல்வது அயோக்கியத்தனம் என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அந்த ஒரு பக்கத்தை மட்டும் வெட்டாமல் விட்டார். ஆகவே நம் வக்கீல் நிம்மதியாகப் படிக்கட்டும்.

எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்

*

தங்கை அண்ணனுக்கு
ஆகஸ்ட் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? நாங்கள் நலத்துக்கும் மேலே இருக்கிறோம். இவர் தரையில் படுத்தார், முதுகு சரியாகிவிட்டது. இப்போது கழுத்து வலிக்கிறதாம். இந்த மனிதருக்கு ஏதாவது ஒன்று வலித்துக்கொண்டே இருந்தால்தான் தூக்கம் வருகிறது.

சேதியைக் கேள். காப்பீட்டு நிறுவனம் ஒன்று கல்லூரிக்கு வந்து ஆள் எடுத்தது. அறுபது பேர் போனார்கள், இரண்டு பேரை எடுத்தார்கள், அதில் ஒருத்தி நம் வக்கீல்! பயிற்சி அதிகாரி வேலை. "எங்ககிட்ட என்ன குறைன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டிருக்கிறார்கள். இவள் விரல் விட்டு ஏழு குறை சொல்லியிருக்கிறாள். அதற்காகவே எடுத்துக்கொண்டார்களாம். அடுத்த ஜூலையில் பட்டச் சான்றிதழைக் காட்டி வேலையில் சேர வேண்டும். நம் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற முதல் பெண் இவள்தான், அண்ணா. நான் நாற்காலியில்தான் உட்காருகிறேன், ஆனால் எழுந்திருக்க அனுமதி கேட்க வேண்டும்.

உன் ஒன்பதாம் பக்கத்தைப் பற்றி நிலையத்தில் எல்லாரிடமும் சொன்னேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் நீ பெரிய ஆள் என்பது புரிந்துவிட்டது.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். வேளைக்குச் சாப்பிடு.

தங்கை

*

அண்ணன் தங்கைக்கு
ஆகஸ்ட் 30

அன்புத் தங்கைக்கு,

இங்கு நலம். வக்கீலுக்கு என் வாழ்த்துகள்.

இருபத்தாறாம் தேதி கல்விப் பேரவை கூடியது. புதிய விதிகள் பதினொரு நிமிடத்தில் நிறைவேறின. முப்பத்திரண்டு பேராசிரியர்கள். 'வாசித்ததாகக் கொள்ளப்பட்டது' என்று பதிவு செய்தார்கள். இங்கே எல்லாவற்றையும் அப்படித்தான் செய்வது. கத்தரி எழுந்து, இந்தச் செயலாளர் கையில் ஒரு கமாகூடத் தப்பாது என்று சொன்னார். கை தட்டினார்கள். துணைவேந்தர் கை கொடுத்தார்.

வேறு விசேஷம் இல்லை. வயிறு மறுபடி கொஞ்சம் தொந்தரவு செய்கிறது. மாப்பிள்ளைக்குக் கழுத்து எப்படி இருக்கிறது?

அண்ணன்

*

தங்கை அண்ணனுக்கு
நவம்பர் 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே யாருக்கும் சோறு இறங்கவில்லை.

நேற்று வக்கீல் கல்லூரியிலிருந்து அழுதுகொண்டு வந்தாள். அவள் அழுது நான் பார்த்து நாலு வருடம் இருக்கும். புதிய விதிப்படி அவளுக்குப் புள்ளியியல் இரண்டாம் பகுதி இல்லையாம், களப்பயிற்சி இல்லையாம்; ஏப்ரலில் தேர்வு எழுதலாம், ஆனால் பட்டம் வராதாம். இன்னும் ஒரு வருடம் படிக்க வேண்டுமாம். கல்லூரி அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். ஜூலையில் சான்றிதழ் இல்லாவிட்டால் அந்த வேலை என்னாவது? ஜனவரிக்குள் கல்லூரியிலிருந்து ஒரு உறுதிக் கடிதம் வேண்டும் என்று நிறுவனம் கேட்கிறது. கல்லூரி தர மாட்டேன் என்கிறது.

படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது என்று நீதானே எழுதினாய்? அந்தப் பக்கம் என்ன ஆயிற்று? இவள் ஏதாவது விண்ணப்பம் போட்டிருக்க வேண்டுமா? நோட்டீஸ் எதையாவது பார்க்காமல் விட்டுவிட்டாளா? கேட்டால் நோட்டீஸே வரவில்லை என்று சாதிக்கிறாள். வாதாடுவதற்குத்தான் அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லையே.

உடனே எழுது. எக்ஸ்பிரஸ் தபாலில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை

*

அண்ணன் தங்கைக்கு
நவம்பர் 20
(தபாலில் சேர்க்கப்படாதது)

அன்புத் தங்கைக்கு,

நலம் கேட்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

தப்பு உன் மகளுடையது இல்லை. என்னுடையது. அந்த ஒன்பதாம் பக்கம் பேரவைக்குப் போகவே இல்லை. தட்டச்சு அம்மா எல்லாப் பக்கங்களுக்கும் மெழுகுத் தாளில் ஸ்டென்சில் வெட்டி, படி எடுக்கத் தயாராக வைத்திருந்தார். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் எனக்கு உறுத்தியது. "இதை மட்டும் நாளைக்குத் திருத்தித் தர்றேன், மத்ததை உருட்டிப் படி எடுத்துடுங்க" என்று சொல்லி அந்தக் கையெழுத்துத் தாளைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். மறுநாள் தேர்வு மேற்பார்வைக்கு என்னை வேறு கட்டடத்துக்கு அனுப்பினார்கள். மறந்தே போனேன். எட்டாம் பக்கத்துக்கு அடுத்து பத்தாம் பக்கம் வைத்துத் தைத்து, எல்லாருக்கும் அனுப்பிவிட்டார்கள். முப்பத்திரண்டு பேராசிரியர்களில் ஒருவருக்கும் கண்ணில் படவில்லை.

எனக்குப் பட்டது. கத்தரி என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கையிலிருந்த தாளைப் புரட்டினேன். எட்டு, பத்து. கை தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் எழுந்து நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்டோபரில் மறுபடி கூடினோம். ஒவ்வொரு கூட்டமும் 'போன கூட்டக் குறிப்பில் திருத்தம் உண்டா?' என்று கேட்டுத்தான் தொடங்கும். கேட்டார்கள். என் கை மேசை மேல்தான் இருந்தது. தூக்கவில்லை. இரண்டு மாதம் பேசாமல் இருந்ததற்கும் சேர்த்து விளக்கம் சொல்ல வேண்டுமே என்று இருந்துவிட்டேன். ஒவ்வொரு வாரமும் அந்த விளக்கம் நீண்டுகொண்டே போகிறது.

எல்லார் பிழையையும் திருத்திக்கொண்டே வளர்ந்தவன் நான். எனக்குப் பிழை செய்யத் தெரியும், ஒத்துக்கொள்ளத் தெரியவில்லை.

*

அண்ணன் தங்கைக்கு
நவம்பர் 23

அன்புத் தங்கைக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

கடிதம் கிடைத்தது. வருந்துகிறேன். விதிகள் பேரவையில் முறைப்படி நிறைவேறியவை. படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கென ஓர் ஏற்பாடு யோசிக்கப்பட்டிருந்தது. பொதுவாக மாணவர்கள் சுற்றறிக்கைகளையும் அறிவிப்புகளையும் உரிய நேரத்தில் கவனமாகப் படிக்க வேண்டும் என்பதை நான் எப்போதும் வலியுறுத்தி வருகிறேன். இந்த நிலையில் தனியொருவனாக நான் செய்யக்கூடியது அதிகமில்லை.

ஒரு வருடம் பெரிய காலமில்லை என்று வக்கீலுக்குத் தைரியம் சொல்.

அண்ணன்

*

தங்கை அண்ணனுக்கு
டிசம்பர் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைப் படித்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. நீ நாசூக்காக எழுதியிருக்கிறாய். எனக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்று அவள் பேரைச் சொல்லாமல் விட்டிருக்கிறாய். கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் எதிரே போய் நின்றேன்.

"மாமா எழுதிட்டார். நோட்டீஸைப் படிக்காம விட்டுட்டு எங்ககிட்ட கதை விடுறியா?"

"அம்மா, நோட்டீஸே வரலம்மா. வேணும்னா வந்து பலகையைப் பாரு."

"அப்ப மாமா பொய் சொல்றாரா?"

கடிதத்தை வாங்கிப் படித்தாள். "இதுல நான் படிக்கலன்னு எங்கம்மா இருக்கு?" என்று கேட்டாள். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை. ஓங்கி அறைந்துவிட்டேன். இருபது வயதுப் பெண்ணை, அவள் அப்பா எதிரில். உனக்கு அவப்பேர் வாங்கித் தந்துவிட்டு வாதாட வேறு செய்கிறாளே என்றுதான். அன்றிலிருந்து நான் அவளோடு பேசவில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன், அவளும் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவி வைக்கிறாள்.

இவர் சாப்பிடவே இல்லை. "பெரிய பொண்ணை அடிக்கலாமா?" என்று ஒரே வார்த்தைதான் கேட்டார்.

அவளுக்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், அண்ணா. பேராசிரியர் வீட்டுப் பெண்ணே நோட்டீஸைப் படிக்கவில்லை என்று உன்னை அங்கே யாராவது கேட்டால் உனக்கு எவ்வளவு தலைகுனிவு! மனதில் வைத்துக்கொள்ளாதே.

தங்கை

*

அண்ணன் தங்கைக்கு
ஜனவரி 19

அன்புத் தங்கைக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. தேர்வுத் தாள் வேலை. இங்கே குளிர் அதிகம். மாப்பிள்ளையின் கழுத்துக்குச் சூடு ஒத்தடம் நல்லது என்கிறார்கள். உன் அண்ணி உங்கள் எல்லாருக்கும் கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருக்கிறாள். வக்கீலின் அளவைக் கேட்டு எழுது.

அவளிடம் பேசு.

அண்ணன்

*

மருமகள் மாமாவுக்கு
பிப்ரவரி 8

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் நலம். சட்டை அளவு நடுத்தரம்.

கல்லூரி நூலகத்துக்குப் புதிய விதிகளின் ஒரு படி வந்திருந்தது. என் மேல் எந்த விதியில் குற்றம் சொல்கிறார்கள் என்று பார்க்கலாமே என்று எடுத்து உட்கார்ந்தேன். எட்டாம் பக்கத்துக்கு அப்புறம் பத்தாம் பக்கம் வந்தது. மூன்று முறை எண்ணினேன். அம்மாவுக்கு நீங்கள் ஜூனில் எழுதிய கடிதம் அலமாரியில் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாம் பக்கம் என்று இருந்தது.

போன வியாழக்கிழமை என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேரோடு மனு எழுதிக்கொண்டு உங்கள் பல்கலைக்கழகத்துக்கு வந்தேன். துறை அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் அம்மாவிடம் இந்த ஒன்பதாம் பக்கம் எங்கே என்று கேட்டேன். அவர்களுக்கு நான் யார் என்று தெரியாது. ஆணியில் மாட்டியிருந்த பழைய ஸ்டென்சிலை எடுத்துக் காட்டினார்கள். "இது உங்கள மாதிரி பிள்ளைங்களுக்குத்தாம்மா எழுதினது. திருத்தித் தர்றேன்னு சார் கையெழுத்துத் தாளை வாங்கிட்டுப் போனார். திரும்பி வரவே இல்ல. நானும் ரெண்டு தடவை கேட்டேன். சார் பேச்சை மாத்திட்டார்" என்றார்கள்.

மனு கொடுக்க வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். நீங்கள் உங்கள் அறை ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தீர்கள். நான் கையைத் தூக்கினேன். அப்புறம் நீங்கள் பின்பக்கப் படியில் இறங்கிப் போவதைப் பார்த்தேன். கையில் குடை இருந்தது. மழை இல்லை மாமா.

வீட்டுக்கு வராமலே திரும்பிவிட்டேன். அத்தையிடம் சொல்ல வேண்டாம், வருத்தப்படுவார்கள்.

என் வேலை போய்விட்டது. கல்லூரியின் உறுதிக் கடிதம் இல்லாததால் ஜனவரி கடைசியில் வேறு ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். அதை விடுங்கள். என் வகுப்பில் மட்டும் பத்தொன்பது பேர் மாட்டிக்கொண்டிருக்கிறோம். இரண்டு பேர் இன்னொரு வருடம் படிக்க வழியில்லை என்று நின்றுவிட்டார்கள். மற்றவர்கள் தங்கள் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொண்டு வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு எப்படியாவது அந்தப் பக்கத்தைக் கொடுத்துவிடுங்கள். கூட வந்த பெண்களிடம் 'சார்' யார் என்று நான் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்ல வேண்டாம்.

அம்மா என்னோடு இன்னும் பேசவில்லை.

அன்புடன்,
உங்கள் மருமகள்

*

அண்ணன் தங்கைக்கு
மார்ச் 6

அன்புத் தங்கைக்கு,

இந்தக் கடிதத்தைப் படித்த பிறகு நீ என் நலத்தை விசாரிக்க வேண்டியதில்லை.

கூட ஒரு பழைய கடிதம் வைத்திருக்கிறேன். நவம்பர் இருபதாம் தேதி எழுதியது. முதலில் அதைப் படி. அதைக் கிழிக்கவும் மனம் வரவில்லை, தபாலில் போடவும் துணிவு வரவில்லை. மூன்று நாள் கழித்து அதற்குப் பதிலாக உனக்கு வேறொன்றை எழுதினேன். அதில் ஒரு வரியும் பொய் இல்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாணவர்கள் நோட்டீஸைப் படிக்க வேண்டும் என்று எழுதியபோது நீ அதை எப்படி எடுத்துக்கொள்வாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

சொல்லாதே என்று உன் மகள் எழுதியிருந்தாள். அவள் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டாள். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் இருந்த இருப்பை எழுதத் தெரியவில்லை. ஜன்னலில் அவளைப் பார்த்துவிட்டுப் பின்வழியாக ஓடினேன், அம்மா. ஐம்பத்தாறு வயது ஆள், அக்காள் தங்கையோடு பிறந்தவன், மருமகள் கையாட்டக் கையாட்டப் படி இறங்கி ஓடினேன்.

மூன்றாம் தேதி பேரவை கூடியது. 'திருத்தம் உண்டா?' என்றார்கள். எழுந்து நின்றேன். ஆகஸ்டில் ஒரு பக்கம் விடுபட்டது, விட்டவன் நான், அன்றைக்கே எனக்குத் தெரியும் என்றேன்.

"அன்னிக்கே தெரியும்னா ஆறு மாசமா ஏன் சார் சொல்லல?" என்றார் ஒருவர்.

"வெட்கமா இருந்தது" என்றேன்.

இதை எப்படிக் குறிப்பில் எழுதுவது என்று பதிவாளர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அதெல்லாம் பதிவுக்கு வேணாம்" என்றார் கத்தரி. அவருக்கும் சேர்த்துத்தானே அவமானம். நான் சொன்னபடியே பதியுங்கள் என்றேன். பதிந்தார்கள். அந்தப் பக்கத்தை எழுந்து நின்று முழுக்க வாசித்தேன். பதினொரு கல்லூரிகளில் நூற்றுப் பதினாறு பிள்ளைகளுக்குப் பழைய விதிப்படியே பட்டம் கிடைக்கும். படிப்பை விட்டவர்களுக்கும் கடிதம் போகிறது. செயலாளர் பொறுப்பிலிருந்து விலகிவிட்டேன். வெளியே வந்தபோது யாரும் என்னோடு படி இறங்கவில்லை.

காப்பீட்டு நிறுவனத்துக்கும் நேரில் போனேன். நடந்ததைச் சொன்னேன். மரியாதையாக உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்கள். இடம் நிரம்பிவிட்டது என்றார்கள்.

நான் வரட்டுமா? உன் எதிரில் வந்து நிற்க வேண்டும்போல் இருக்கிறது. நீ சரி என்றால் அடுத்த பஸ்ஸில் வருகிறேன்.

அண்ணன்

*

தங்கை அண்ணனுக்கு
ஏப்ரல் 21

அண்ணாவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். இவருக்கு வலி ஒன்றும் இல்லை. வக்கீல் தேர்வு எழுதி முடித்துவிட்டாள்.

ஆறு வாரமாக உனக்கு எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். முதல் வாரம் எழுதியிருந்தால் தபால்காரர் கையே வெந்திருக்கும். பக்கம் விட்டுப்போனது ஒரு பக்கம் கிடக்கட்டும். மனுஷன் மறப்பான். நான் ஒரு நாளைக்குப் பத்து இணைப்பைத் தப்பாகப் போடுகிறேன். ஆனால் நான் அவளை அடித்தேன் என்று எழுதியது டிசம்பரில் உன் கைக்கு வந்ததே. உன்னிடம் மன்னிப்பு வேறு கேட்டேனே, அண்ணா! அதைப் படித்துவிட்டு, நீ எனக்குச் சூடு ஒத்தடத்தைப் பற்றி எழுதினாய். அதை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. அப்போது ஒரு வரி எழுதியிருந்தால் அந்த வேலையும் தங்கியிருக்கும்.

உன்னை இன்னும் நிறையத் திட்டுவதாகத்தான் இருந்தேன். உன் கடிதம் வந்த அன்றைக்கு அவளைப் போய்க் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத்தான் எல்லாம் தெரிஞ்சுபோச்சே. ஏண்டி என்கிட்ட சொல்லல?"

"முதல்லயே சொன்னேனேம்மா, நோட்டீஸ் வரலன்னு."

"அது அப்ப. தெரிஞ்சதுக்கப்புறம்?"

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எனக்கு விழுந்த அறை விழுந்துடுச்சு. உனக்கு அண்ணனாவது மிஞ்சட்டும்னு விட்டுட்டேன்" என்றாள்.

அந்த வார்த்தைக்கு அப்புறம் உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நீயாவது வெளியாள்களுக்குப் பயந்துகொண்டு வாயை மூடினாய். நான் யாருக்குப் பயந்தேன்? பெற்ற பெண் எதிரில் நின்று சொல்கிறாள். இருநூறு மைலுக்கு அப்பாலிருந்து வந்த ஒரு தாளை நம்பினேன். இவருடைய அக்காவிடம், நிலையத்தில், பக்கத்து நாற்காலிக்காரியிடம், எல்லாரிடமும் உன்னைச் சொல்லிச் சொல்லிப் பெருமை அடித்தேனே, அந்தப் பெருமையைக் காப்பாற்றத்தான் அவளை அறைந்திருக்கிறேன். கண்ணாடி பார்க்கவே பிடிக்கவில்லை, அண்ணா.

இப்போது வராதே. உன்னை நிற்க வைத்துப் பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை. அண்ணி பின்னிய சட்டை வந்தது. அளவு சரியாக இருக்கிறது. போட்டுக்கொள்கிறாள். வேறு வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

எனக்குப் பதில் எழுதாதே. அவளுக்கு எழுது. "மாமா மன்னிப்பெல்லாம் கேக்க வேணாம்னு சொல்லும்மா" என்கிறாள். நீ கேள். அவள் வேண்டாம் என்றாலும் கேள். நான் கேட்டேன். "சரிம்மா" என்றாள். மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். மருந்தை விடாமல் சாப்பிடு.

தங்கை